பக்தியான பிள்ளையின் அம்மா

உரும்பிராயில் உதயகலா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். மெடிசின் பெடியன்ரை அம்மா என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் ஒழுங்கையைக் காட்டும். மகன் மயூரதனின் ஏ.எல். முடிவு வந்த அன்று காலை தொடங்கிய பெயர் அது. அதற்குப் பிறகு சங்கக்கடையிலும் கலியாண வீட்டுப் பந்தலிலும் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. அவளும் அதற்காக மனம் வருந்தவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோசப் புளுகம் தாங்காது. வெளியில் மட்டும் ‘எல்லாம் பிள்ளையாற்றை செயல்’ என்று தலையைக் குனிந்துகொள்வாள்.

புளுகத்துக்கு நியாயம் இல்லாமலும் இல்லை. அவளே உயிரியல் படித்தவள். இரண்டாம் தரம் பரீட்சை எழுதக் காத்திருந்தபோதுதான் தொண்ணூற்றைந்து இடப்பெயர்வு வந்தது. புத்தகங்கள் உரும்பிராய் வீட்டு அலுமாரியில், அவள் தென்மராட்சியில் யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டிலில். திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, மேலே படிக்கப் போகிறாயா என்று கேட்க ஆளும் இல்லை. கலியாணம் பேசினார்கள், கட்டினாள். ஒரே ஒரு பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை நாலு வயதில் செத்த பல்லியைத் தடியால் புரட்டிப் பார்த்ததைக் கண்டு ‘இவன் டொக்டர்தான்’ என்று அவள் தீர்மானித்தாள். பல்லி பார்த்த பிள்ளையெல்லாம் டொக்டராவதில்லை. ஆனால் மயூரதன் மூன்று ஏ எடுத்து மருத்துவபீடத்துக்குப் போனான்.

கணவர் சண்முகநாதன் தோட்டக்காரர். செம்மண்ணில் வெங்காயமும் பீற்றூட்டும் போடுகிறவர். தோட்டக்கரைப் பிள்ளையார் கோயில் பரிபாலன சபைக்குப் பதினொரு வருடமாகத் தலைவர். கெட்ட மனிதர் அல்ல. குடி இல்லை, கை நீட்டினதில்லை, திருவிழாவுக்கு முன் கோயில் வீதியை மண்வெட்டியோடு தானே இறங்கித் துப்புரவாக்குவார். ஒரு குறைதான். கோயில் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டிலோ கோயில் விஷயம் அல்லாத விஷயமே கிடையாது.

மருத்துவபீடத்தில் தொடக்கத்திலேயே பிரேதத்தை அறுத்துப் படிக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தன் பிள்ளை இன்றைக்குப் பிரேதம் தொட்டுவிட்டு வருகிறான் என்றபோது உதயகலாவுக்கு அது வேறு விஷயமாகிவிட்டது. செத்த வீட்டுக்குப் போய்வந்தால் தலையில் தண்ணீர் வார்க்காமல் வீட்டுக்குள் கால் வைக்காத குடும்பம் அது. மயூரதனோ வெள்ளிக்கிழமைகளில் சுவாமிக்கு முன் நின்று பதிகம் ஓதுகிறவன். எட்டு வயதில் தொடங்கியது. கேட்டவர்கள் சும்மா போகமாட்டார்கள், அப்படிக் குரல். சண்முகநாதன் போய் ஐயரிடம் கேட்டார். “படிப்புக்குத் தோசமில்லை. தலையிலை ஒருக்கால் தண்ணியை வாத்துப்போட்டு வரட்டும்” என்றார் ஐயர்.

ஒருக்கால். ஐயர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தைச் சேர்த்தவள் உதயகலா. அன்று மாலை படலையடியிலேயே மகனை மறித்தாள்.

“உள்ளை வராதை அப்பன். நேரை கிணத்தடிக்குப் போ. வாளியைத் தொடாதை, நான் அள்ளி ஊத்திறன்.”

மஞ்சள் கரைத்த தண்ணீரை அவள் ஊற்ற ஊற்ற மயூரதன் சிரித்துக்கொண்டு குந்தியிருந்தான். “அம்மா, கையுறை போட்டுத்தானே தொடுறது” என்றான்.

“கையுறை உனக்குத் தெரியும். பிள்ளையாருக்குத் தெரியுமோ?”

பகிடியாகத்தான் கேட்டாள். பின்னாளில் அந்த ஒரு கேள்விக்காக அவள் எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டாள் என்பதற்கு அளவில்லை.

முதல் மாதம் ஒரு தரம் குளித்தான். பிறகு இரண்டு தரம். பிரேதம் அறுக்கும் வகுப்புகள் முடிந்து, மூன்றாம் வருடம் ஆஸ்பத்திரி வாட்டில் வருத்தக்காரரைப் பார்க்கத் தொடங்கியபோது அது ஐந்து தரமாகியிருந்தது. சவுக்காரம் கிழமைக்கு நாலு கட்டி தேய்ந்தது. புறங்கை வெடித்து வெள்ளை வெள்ளையாகத் தோல் எழும்பியது. வாளியைத் தான் தொட்டால் வாளிக்கும் தீட்டு, துடக்கு என்பதால் ஒவ்வொரு தரமும் உதயகலா வந்து அள்ளி ஊற்ற வேண்டும். அடுப்பில் கறி கிடந்தாலும் ஊற்ற வேண்டும். அவள் ஊற்றினாள்.

பதிகமும் அப்படித்தான். சாமியறையில் பாடும்போது ஒரு சொல் நாக்கில் பிசகினால் முதலிலிருந்து தொடங்குவான். பிசகாவிட்டாலும் பிசகினதோ என்று ஐமிச்சம் வந்துவிடும். வாசலுக்கு வந்து நிற்பான்.

“அம்மா, சரியாச் சொன்னனானோ?”

“ஓம் ராசா, சரி.”

“கடைசி வரி?”

“அதுவும் சரி அப்பன்.”

உள்ளே போவான். இரண்டு நிமிடத்தில் திரும்பி வருவான். அதே கேள்வி, அதே பதில். காலையில் அரை மணி நேரம் எடுத்த கும்பிடு இரண்டு மணி நேரமாயிற்று. உதயகலாவுக்கு இடுப்பு நொந்ததே தவிர மனம் நோகவில்லை, ஏனென்றால் ஊர் அப்படிப் புகழ்ந்தது. பக்கத்து வீட்டுப் பூரணமக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாயூறுவாள். “எங்கடை வீட்டு எருமையள் எட்டு மணிக்கும் எழும்பாதுகள். உப்பிடி ஒரு பிள்ளையைப் பெற என்ன தவம் செய்தனியோ!” படித்த பிள்ளை, மெடிசின் பிள்ளை, அதற்கு மேல் ஆசாரமான பிள்ளை. பிள்ளையின் முகம் மாதத்துக்கு மாதம் ஒடுங்கிக்கொண்டு போனதை அவளும் கண்டாள். விரத முகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உயிரியல் படித்த மனுசி!

ஒரு நாள் மத்தியானம் ஜெரோசன் வந்தான். குருநகர்க் கத்தோலிக்கப் பெடியன், மயூரதனோடு படிக்கிறவன், கடற்றொழில் செய்யும் கனிசியஸின் மகன். முன்னரும் இரண்டு மூன்று தரம் வீட்டுக்கு வந்திருக்கிறான். இந்தத் தரம் மயூரதன் இல்லாத நேரம் பார்த்து வந்திருந்தான். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு தேத்தண்ணியைத் தொடாமல் சொன்னான்.

“அன்ரி, மயூ ஆறு கிழமையா வாட்டுக்கு வரேல்லை.”

“என்ன கதைக்கிறீர் தம்பி? காலமை ஏழு மணிக்கே வெளிக்கிடுறானே.”

“வெளிக்கிட்டு வாறான். வந்து பைப்படியிலை நிண்டு கை கழுவத் தொடங்குவான். பத்து மணிக்குப் போய்ப் பாத்தாலும் அங்கைதான் நிக்கிறான். வருத்தக்காரரைத் தொட்ட கையாலை திருநீறு எடுக்கேலாதாம். இப்ப தொடுறதையே விட்டிட்டான். பின்னேரம் வரைக்கும் வகுப்புக்குப் பின்னாலை மரத்துக்குக் கீழை இருக்கிறான்.” பிறகு குரலைத் தணித்தான். “நேற்று என்னட்டை ஒண்டு கேட்டவன் அன்ரி. நான் இல்லாமல் போனால் அம்மாவுக்குக் கிணத்தடி வேலை குறையும்தானே எண்டு கேட்டவன்.”

உதயகலா ஜன்னலால் கிணற்றடியைப் பார்த்தாள்.

“எனக்கும் முதல் வருசம் ஏலாமல் போனது அன்ரி” என்றான் ஜெரோசன். “நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. பங்குச் சுவாமியிட்டைப் போய் அழுதனான். அவர் என்னோடை இருந்து செபமும் செய்தவர், அடுத்த நாள் டொக்டரிட்டை அனுப்பியும் விட்டவர். அவனையும் கூட்டிக்கொண்டு போவம். நான் நாள் எடுத்து வைச்சிருக்கிறன்.”

போனார்கள். மனநோய் கிளினிக்கின் வாங்கில் உதயகலா சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு இருந்தாள். உரும்பிராய் ஆள் யாராவது கண்டுவிட்டால்? கண்டால் அவர்களும் அங்கே எதற்கோ வந்தவர்கள்தானே என்ற யோசனை அவளுக்கு வரவில்லை. டொக்டர் ஒரு பெண். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று. மயூரதனோடு ஒரு மணி நேரம் தனியாகக் கதைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

“உங்கடை மகனுக்குப் பக்தி கூடிப்போகேல்லை அம்மா. பயம் கூடிப்போச்சு. கும்பிடுற ஆள் கும்பிட்டு எழும்பினால் மனம் ஆறியிருக்கும். இவர் எழும்பேக்கை முந்தியிலும் பயந்துபோய் எழும்புறார். ஓ.சி.டி. எண்டு இந்த நோய்க்குப் பேர். மருந்து இருக்கு. சுகப்படுத்தலாம்.”

“நான்தானே டொக்டர் குளிக்கச் சொன்னனான்? நான்தானே எல்லாம்…”

“வருத்தம் நீங்கள் குடுத்ததில்லை. ஆனால் நீங்கள் அதுக்குச் சாப்பாடு போடுறியள்.”

உதயகலா நிமிர்ந்து பார்த்தாள்.

“சரியோ எண்டு கேட்டால் நீங்கள் சரி எண்டுறியள். அந்த நிம்மதி ரெண்டு நிமிசம். பிறகு இன்னும் கூடக் கேட்கும். அதாலை பதில் சொல்லக்கூடாது. தண்ணி அள்ளி ஊத்தக்கூடாது. கோயிலுக்குப் போகட்டும், பதிகம் பாடட்டும், நான் மறிக்கேல்லை. ஒருக்கால் பாடினால் ஒருக்கால்தான். பிழைச்சாலும் திரும்பப் பாடக்கூடாது. ஒவ்வொரு நாளும் ஒரு கப்சூல். நாங்கள் சொல்லாமல் நிப்பாட்டக்கூடாது. அடுத்த முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“ஓம் டொக்டர்” என்றாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவரிடம் சொல்லவுமில்லை. விசர் ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை என்று ஒரு சொல் ஊருக்குள் விழுந்தால் அவனுக்கு நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள், எந்த வருத்தக்காரன் அவனிடம் வருவான்? அதெல்லாம் அவள் தனக்குச் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. ஒழுங்கையில் தனக்கிருந்த பெயரை அவள் இழக்க விரும்பவில்லை. கப்சூல்களை மல்லி போட்டுவைக்கும் தகரப் பேணிக்குள் ஒளித்துவைத்தாள்.

ஆனால் அந்த மூன்று மாதமும் அவள் நின்ற நிலை பெரியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் நாள் மயூரதன் சாமியறை வாசலில் வந்து நின்று, “அம்மா, சரியாச் சொன்னனானோ?” என்று கேட்டான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். “அம்மா, சொல்லுங்கோ. ஒருக்கால் மட்டும்.” பேசவில்லை. இருபத்துமூன்று வயதுப் பிள்ளை நிலத்தில் இருந்து குழந்தை மாதிரி அழுதான். அவளும் அழுதாள், வெங்காயம் உதவியாக இருந்தது. கிணற்றடியில் வாளியை அவன் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றவன் கடைசியில் அதைத் தானே தூக்கினான். அந்த வாளி கப்பியில் கிறீச்சிட்ட சத்தம் கேட்டபோது கதவுக்குப் பின்னால் நின்று கும்பிட்டாள்.

இரண்டாம் மாதம் குளிப்பு இரண்டு தரமாகக் குறைந்தது. மூன்றாம் மாதம் ஒரு தரம். கையில் புதுத் தோல் வந்தது. வாட்டுக்குப் போனான். ஒரு நாள் வந்து, “அம்மா, இண்டைக்கு ஒரு ஆச்சியின்ரை நாடி பிடிச்சுப் பாத்தனான். கையை என்ரை கைக்கையே வைச்சுக்கொண்டு விடமாட்டன் எண்டிட்டா” என்று சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்து இரண்டு வருடமாகியிருந்தது. ஆவணியில் பரீட்சை. இந்தத் தரம் எழுதிவிட்டால் கூடப் படித்தவர்களோடு சேர்ந்து மேலே போகலாம். விட்டால் பின்னுக்கு நின்றுவிட வேண்டியதுதான். எழுதுவான் என்று டொக்டரும் சொன்னார்.

இங்கேதான் ஊர் மூக்கை நுழைத்தது. பிள்ளை சுகமாக வருவதை ஊர் வேறு விதமாகக் கண்டது. வெள்ளிக்கிழமை பதிகத்தை ஒரு தரம் பாடிவிட்டுப் போகிறானாம். ஒரு தரம்தான் குளிக்கிறானாம். அதோடு குருநகர்ப் பெடியனின் மோட்டார் சைக்கிளில் திரிகிறானாம். பூரணமக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றையும் ஒன்றையும் கூட்டினாள். கோயில் மடப்பள்ளியில் மாவிடிக்கப் போன இடத்தில் வாய் தவறி விழுத்தினாள். மூன்றாம் நாள் சபைக் கூட்டத்தில் தம்பிஐயா என்ற பழைய செயலாளர், “தலைவர் குறை நினைக்கக் கூடாது. மகன் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறப்போறார் எண்டு ஒரு கதை உலாவுது” என்றார்.

சண்முகநாதன் வீட்டுக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது. சத்தம் போடவில்லை. மகனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

“கொடியேற்றத்திலை இருந்து பத்து நாளும் நீ விரதம். மூண்டு நேரம் குளிப்பு, ஒரு நேரம் சாப்பாடு. ஏழாம் திருவிழா எங்கடை. வசந்தமண்டபப் பூசையிலை சனத்துக்கு முன்னாலை நீ பதிகம் ஓதுறாய். ஆர் வேதத்துக்குப் போறது எண்டதைச் சனம் கண்ணாலை பாக்கட்டும்.”

மயூரதன் தாயைப் பார்த்தான். மூன்று நேரம் குளிப்பு என்ற சொல்லிலேயே அவன் விரல்கள் ஒன்றையொன்று தேய்க்கத் தொடங்கியிருந்தன. உதயகலாவுக்கு ஒரேயொரு வசனம் வேண்டியிருந்தது. இவனுக்கு வருத்தம், மருந்து எடுக்கிறான், இதெல்லாம் கூடாது.

“இஞ்சாருங்கோ…” என்று தொடங்கினாள்.

“என்ன? நீரும் அவனோடை சேந்து மாறப்போறீரோ?”

“இல்லை. மரக்கறி என்ன வாங்கிறது எண்டு கேட்க வந்தனான்” என்றாள்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் மயூரதன் மல்லிப் பேணியோடு குசினிக்கு வந்தான். கப்சூல் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அம்மா, இந்தக் கோது ஜெலற்றின். மாட்டின்ரை எலும்பிலையும் தோலிலையும் இருந்துதான் எடுக்கிறது. எனக்கு முதலே தெரியும், வருத்தத்துக்கு எண்டு விழுங்கினனான். விரதத்திலை எடுக்கலாமோ? இது மச்ச மாமிசம்தானே? சொல்லுங்கோ அம்மா, சரியோ?”

மூன்று மாதம் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் அவள். டொக்டரின் நம்பர் போனில் இருந்தது. ஒரு அழைப்பு, இரண்டு நிமிடம். ஆனால் மாட்டெலும்பு என்று கேட்டவுடன் அவளுக்கே உடம்பு கூசியது. தலைமுறை தலைமுறையாக மச்சம் படாத வீட்டுக் குசினியில், மல்லிப் பேணிக்குள், தன் கையாலேயே அதை வைத்திருந்திருக்கிறாள். பிள்ளையார் இதையும் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார் என்று பயந்தாள்.

“பத்து நாள்தானே ராசா” என்றாள். “திருவிழா முடியட்டும். பிறகு எடுக்கலாம்.”

கொடியேறிய அன்று பின்னேரம் மூன்றாம் தரக் குளிப்புக்கு அவன் கிணற்றடியில் நின்று கூப்பிட்டான். அவள் போய் வாளியை எடுத்து ஊற்றினாள்.

ஏழாம் திருவிழா பகல் பூசைக்கு நல்ல சனம். வசந்தமண்டபத்தில் பிள்ளையார் பூவுக்குள் மறைந்திருந்தார். தீபாராதனை முடிந்து மேளம் நின்றது. சுவாமி காவ வந்த பெடியள் வெறும் மேலோடு தண்டுக்குப் பக்கத்தில் தயாராக நின்றார்கள். மயூரதன் பட்டு வேட்டியோடு முன்னால் வந்து கைகூப்பிப் பாடத் தொடங்கினான். குரல் அதே குரல். முதற் பாட்டின் நடுவில் நின்றது. திரும்பத் தொடங்கினான். அதே இடத்தில் நின்றது. திரும்பவும் தொடங்கினான்.

ஐந்தாம் தரம் பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். பத்தாம் தரம் அவன் கண்களிலிருந்து தண்ணீர் ஓடியது, குரல் கம்மியது, உடம்பு நடுங்கியது, ஆனாலும் விடாமல் முதற் சொல்லுக்குப் போனான். “பாருங்கோ, பிள்ளை உருகிறதை” என்று ஒரு கிழவர் கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார். அவரைப் பார்த்து மற்றவர்கள் கூப்பினார்கள். பூரணமக்கா உதயகலாவின் தோளைப் பிடித்து, “சுவாமி வந்திட்டார் பெட்டை, உன்ரை பிள்ளையிலை சுவாமி வந்திட்டார்” என்று காதுக்குள் அழுதாள். நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். சண்முகநாதன் மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரும் அழுதார். அவமானம் துடைக்கப்பட்ட மனிதனின் அழுகை அது.

அந்தச் சனம் முழுவதிலும் நடப்பது என்னவென்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். மற்றவள் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் நின்றாள். மயூரதன் திரும்பி அவளைத்தான் பார்த்தான். சரியோ என்று உதடு கேட்டது. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். பத்து அடி தூரம். அவளைச் சுற்றி எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். அவளும் கைகளைக் கூப்பினாள்.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு குரல் முற்றாக அடைத்து அவன் விழுந்தான். அரோகரா என்று சனம் முழங்க, மேளகாரர் அடித்தார்கள், சுவாமி வீதிக்கு வந்தார். அந்த வீடியோ அன்றைக்கே கனடா வரைக்கும் போய்விட்டது.

திருவிழா முடிந்தது. பரீட்சை வந்து போனது. மயூரதன் கிணற்றடிக்கும் சாமியறைக்கும் நடுவில் நின்றான். அவனிடம் கப்சூலை நீட்டியபோது பின்னால் ஒதுங்கினான். “அண்டைக்கு எல்லாரும் சொன்னவையெல்லோ அம்மா, சுவாமிதான் எண்டு. டொக்டர் ஒருத்தி மட்டும்தான் வருத்தம் எண்டவ” என்றான். ஒரு ஊரையே சாட்சிக்கு வைத்திருக்கும் வருத்தத்தோடு யார் வாதாடுவது? கடைசியில் உதயகலா கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கிளினிக், மருந்து, மரத்துக்குக் கீழே இருந்தது, ஜெரோசனிடம் கேட்டது, எல்லாம். சண்முகநாதன் மண்வெட்டியை எடுத்தார். பிறகு, “ஊரே கையெடுத்துக் கும்பிடுது. பெத்த நீர் விசர் எண்டுறீர். உமக்குத்தான் ஏதும் பாக்கோணும்” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். அதற்குப் பிறகு வந்த ஜெரோசனைப் படலைக்குள் விடவில்லை.

அவள் தனியாக டொக்டரிடம் போனாள். இந்தத் தரம் முக்காடு போடவில்லை. ஜெலற்றின் கதையைக் கேட்டுவிட்டு டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். “ஒரு போன் எடுத்திருக்கலாமே அம்மா. ஜெலற்றின் இல்லாத குளிசையாவே மாத்தித் தந்திருப்பனே.”

அவ்வளவுதானா என்று உதயகலா கேட்டாள். அவ்வளவுதான் என்றார் டொக்டர். அவனை எப்படியாவது ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாருங்கள், இன்னும் பிந்தவில்லை என்றும் சொன்னார். எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? பஸ் சீற்றில் பிறர் இருந்திருப்பார்கள் என்று அவன் இப்போது படலைக்கு வெளியே வருவதில்லை. வீட்டுக்கு வந்த குளிசையையும் தொடவில்லை. தண்ணீர் அள்ளி ஊற்ற அவள் மறுத்த அன்று கிணற்றுக் கட்டில் ஏறி நின்றான். அதற்குப் பிறகு அவள் மறுப்பதில்லை.

சனம் இப்போது வீட்டுக்கு வருகிறது. சாமியறையில் அவன் பாடுவதை விறாந்தையில் இருந்து கேட்டுக் கண்ணைத் துடைக்கிறார்கள். அவன் யாரையும் கிட்ட விடமாட்டான் என்பதால் திருநீற்றுத் தட்டத்தை உதயகலாதான் கொண்டுவந்து நீட்ட வேண்டும். ஏ.எல். பரீட்சை கிட்டக் கிட்டத் தாய்மாரின் வரவு கூடியது. பரீட்சை அட்டையையும் பேனையையும் சுவாமிக்கு முன் வைத்து எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள்.

போன கிழமை புத்தூரிலிருந்து பிரதீபா என்று ஒருத்தி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெட்டை உயிரியல் படிக்கிறவள், பயந்த கண்கள். சாமியறைக்குள் அதே முதல் வரி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. பிரதீபா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “அக்கா, இவளுக்கு மெடிசின் கிடைச்சால் மட்டும் காணாது. உங்கடை பிள்ளை மாதிரி உப்பிடி ஒரு பக்தியும் வரவேணும். அதுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்” என்றாள்.

உதயகலா கையிலிருந்த தட்டத்தை நிலத்தில் வைத்தாள்.

“தங்கச்சி, அது பக்தி இல்லை” என்றாள். “வருத்தம். என்ரை பிள்ளைக்கு வருத்தம். மருந்து எடுத்து நல்லாய் வந்தவன். நான்தான் மறிச்சுக் கெடுத்தனான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டை போங்கோ.”

ஒழுங்கையில் தன் பெயர் என்னவாகும் என்று யோசிக்காமல் அவள் சொன்ன முதல் உண்மை அது. பிரதீபா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சிரித்து, அவளது இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“விளங்குது அக்கா. கண்ணூறு நாவூறு பட்டிடும் எண்டு பயப்பிடுறியள். பெத்த மனம் அப்பிடித்தான். நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம்.”

சொல்லிவிட்டு மகளின் தோளைப் பிடித்துக் குனியவைத்தாள். உதயகலா நிலத்தில் வைத்த தட்டத்தைத் தானே எடுத்து, ஒரு சிட்டிகை திருநீற்றைப் பிள்ளையின் நெற்றியில் பூசிவிட்டாள்.